போர் திறந்த மைதானம்: அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை பேஸ்பால், 1943–1954

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பெண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார்கள் என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. 1992-இல் வெளிவந்த ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ திரைப்படம் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அந்த வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் விதம் இது: ஆண்கள் போருக்குப் போனார்கள், காலியான மைதானத்தில் பெண்கள் ஆடினார்கள், ஆண்கள் திரும்பி வந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இந்தக் கதை நிற்கவில்லை. போர் 1945-இல் முடிந்தது; பெண்களின் லீக் 1954 வரை நடந்தது. பார்வையாளர் கூட்டம் உச்சத்தைத் தொட்டது 1948-இல், அதாவது வீரர்கள் ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் ஆன பிறகு. அப்படியானால் போர் இந்தப் பெண்களுக்கு உண்மையில் என்ன கொடுத்தது? போருக்குப் பிறகும் லீக்கை ஒன்பது ஆண்டுகள் தாங்கியது எது? கடைசியில் அது ஏன் நின்றது? இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியே பார்த்தால்தான் அந்தப் பெண்களுக்கு நியாயம் செய்தவர்கள் ஆவோம்.

போருக்கு முன்பே இருந்த ஆட்டம்

பெண்கள் பேஸ்பால் மட்டையைக் கையில் எடுத்தது 1943-இல் அல்ல. நியூயார்க் மாநிலத்து வாசர் கல்லூரி மாணவிகள் 1866-லேயே அணி அமைத்து ஆடினார்கள். 1890-களிலிருந்து 1930-களின் நடுப்பகுதிவரை ‘புளூமர் கேர்ள்ஸ்’ என்ற பெயரில் பல அணிகள் ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஆண்கள் அணிகளோடு மோதிச் சம்பாதித்தன. 1931 ஏப்ரலில், டென்னசி மாநிலம் சாட்டனூகாவில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண் பந்து வீசினார். பேப் ரூத், லூ கெரிக் என்ற அக்காலத்தின் இரு பெரும் மட்டையாளர்களையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார்.

இவற்றைவிட முக்கியமானது சாஃப்ட்பால். பெரிய பந்து, சிறிய மைதானம், கையைக் கீழிருந்து வீசி எறியும் முறை என்று பேஸ்பாலின் தங்கையாக 1887-இல் சிகாகோவில் பிறந்த ஆட்டம் அது. 1930-களில் தொழிற்சாலைகளும் கடைகளும் தங்கள் பெயரில் பெண்கள் சாஃப்ட்பால் அணிகளை நடத்தின. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை முடிந்ததும் மைதானத்துக்குப் போனார்கள். ஆட்டக்காரிகளைப் போர் உருவாக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் தரும் முதலாளிதான் இல்லை.

ரிக்லியின் கணக்கு

அந்த முதலாளி பிலிப் ரிக்லி. சூயிங்கம் நிறுவனத்தின் வாரிசு, சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர். பேஸ்பால் தொடர்ந்து நடப்பது நாட்டுக்கு நல்லது என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஆனால் கடிதத்தால் ஆட்களைத் தர முடியாது. ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ், பாப் ஃபெல்லர் போன்ற நட்சத்திரங்கள் சீருடை அணியப் போனார்கள். கட்டாய ராணுவச் சேவைக்கான வயது 18-க்கு இறங்கியதும் சிறு நகரங்களின் ‘மைனர் லீக்’ அணிகள் கொத்துக் கொத்தாக மூடப்பட்டன. ‘மேஜர் லீக்’ எனப்படும் பெரிய லீக்கும் நின்றுபோனால் மைதானங்கள் என்னாவது என்று ரிக்லி கவலைப்பட்டார். அதற்கு அவர் கண்ட மாற்றுதான் பெண்கள் லீக்.

ஆள் தேடுவோர் அமெரிக்காவெங்கும் கனடாவெங்கும் போனார்கள். 1943 மே மாதம் ஏறத்தாழ 280 பெண்கள் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுக்கு இறுதித் தேர்வுக்கு வந்தார்கள். 60 பேர் தேர்வானார்கள். நான்கு அணிகள்: இல்லினாயில் ராக்ஃபோர்டு பீச்சஸ், இண்டியானாவில் சவுத் பெண்ட் புளூ சாக்ஸ், விஸ்கான்சினில் ரசீன் பெல்ஸ், கெனோஷா காமெட்ஸ். மே 30-ஆம் தேதி முதல் ஆட்டங்கள் நடந்தன.

ஊர்த் தேர்விலும் ஒரு கணக்கு இருந்தது. நான்குமே சிகாகோவைச் சுற்றி, பெட்ரோலும் டயரும் ரேஷனில் கிடைத்த காலத்தில் எளிதாகப் போய்வரக்கூடிய தொழில் நகரங்கள். போர்த் தளவாடங்கள் செய்யும் ஆலைகளில் பல ஷிப்டுகளாக வேலை பார்த்த மக்களுக்குக் கையில் காசு இருந்தது; பொழுதைப் போக்க வழி இல்லை. ரசீன் அணியின் சொந்த மைதானத்துக்கு ஹார்லிக் ஃபீல்டு என்று பெயர். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஆற்றிக் குடித்த அதே ஹார்லிக்ஸ் குடும்பத்தின் ஊர் அது.

சம்பளம் வாரத்துக்கு 45 முதல் 85 டாலர். பண்ணையிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்த பெண்களில் பலருக்குத் தங்கள் தந்தை வாங்கியதைவிட அது அதிகம். ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளும் ‘விக்டரி’யின் முதல் எழுத்து வடிவில் வரிசையாக நின்று தேசிய கீதத்துக்கு மரியாதை செய்தன. ராணுவ முகாம்களிலும் காட்சி ஆட்டங்கள் நடந்தன. 1943 ஜூலை 1 அன்று, பெண்கள் ராணுவப் படைக்கு ஆள்சேர்க்கும் நிகழ்ச்சியின் பகுதியாக, ரிக்லி ஃபீல்டில் தற்காலிக விளக்குக் கம்பங்கள் நட்டு ஓர் இரவு ஆட்டம் நடத்தினார்கள். அந்த மைதானத்தில் விளக்கொளியில் முதலில் பேஸ்பால் ஆடியவர்கள் பெண்கள்தான். கப்ஸ் ஆண்கள் அணி அங்கே இரவு ஆட்டம் ஆட 1988 ஆகஸ்ட் வரை காத்திருந்தது.

முதல் ஆண்டில் 1.76 லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். பெரிய லீக் எப்படியும் நின்றுவிடாது என்று தெரிந்ததும் ரிக்லிக்கு ஆர்வம் குறைந்தது. 1944 ஆட்டப் பருவத்துக்குப் பிறகு லீக்கைத் தன் விளம்பர ஆலோசகர் ஆர்தர் மேயர்ஹாஃபிடம் கைமாற்றிவிட்டார். போர் கொடுத்த முதலாளி போர் முடிவதற்குள்ளேயே விலகிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாவாடையும் லிப்ஸ்டிக்கும்

லீக் பெண்களிடம் வேலையோடு வேஷத்தையும் கேட்டது. முதல் பருவத்தில் பகலெல்லாம் பயிற்சி, மாலையில் அழகுசாதன நிறுவனத் தலைவி ஹெலினா ரூபின்ஸ்டைனின் பெயரில் நாகரிக வகுப்பு: எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, எப்படி முகம் திருத்துவது. பொது இடத்தில் கால்சட்டை அணியக் கூடாது, முடியைக் குட்டையாக வெட்டக் கூடாது, லிப்ஸ்டிக் எப்போதும் இருக்க வேண்டும், பொது இடத்தில் சிகரெட்டும் மதுவும் கூடாது. மீறினால் முதல் முறை 5 டாலர் அபராதம், இரண்டாம் முறை 10, மூன்றாம் முறை இடைநீக்கம். ஒவ்வோர் அணியோடும் ஒரு மேற்பார்வைப் பெண்மணி பயணம் செய்தார். தங்கும் இடம், சந்திக்கும் ஆட்கள், காயத்துக்கு மருந்து என்று எல்லாம் அவர் பொறுப்பு.

ஆட்ட உடை, முழங்காலுக்கு மேல் நிற்கும் பாவாடையோடு சேர்ந்த ஒற்றை அங்கி. பேஸ்பாலில் ஓடுகிறவர் அடுத்த ‘பேஸை’, அதாவது ஓடித் தொட வேண்டிய முனையை, எட்ட மண்ணில் சறுக்கி விழ வேண்டும். ஆண்களுக்குக் கால்சட்டைத் துணி காப்பு. இந்தப் பெண்கள் வெறும் தொடையில் சறுக்கினார்கள். தோல் உரிந்து சிவந்த அந்தக் காயத்தை அவர்கள் ‘ஸ்ட்ராபெரி’ என்று அழைத்தார்கள். ஆறுவதற்குள் அடுத்த நாள் ஆட்டம் வந்துவிடும். அதே இடத்தில் மறுபடி சறுக்குவார்கள். பருவம் முடியும்வரை அந்தப் புண் ஆறாமலே கிடக்கும்.

இந்த உடையையும் விதிகளையும் வெறும் அடக்குமுறை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அக்காலத்தில் வேறு வழி இருந்திருக்காது என்று நியாயம் சொல்பவர்களும் உண்டு. ஆட்டக்காரிகளில் பலர் பிற்காலத்தில், ஆடக் கிடைக்குமென்றால் எதை உடுத்தவும் தயாராக இருந்தோம் என்ற பொருளில்தான் பேசினார்கள். அது விருப்பத்தின் ஆழத்தைக் காட்டுகிறதே தவிர நிபந்தனையின் நியாயத்தைக் காட்டவில்லை. அந்த விதிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்மைச் சாயல் கொண்டவர் என்று தோன்றும் எவருக்கும் இடமில்லை என்பதை அவை சொல்லாமல் சொல்லின. லீக்கின் பியோரியா அணியின் கேட்சர் டெர்ரி டோனஹ்யூ தன் வாழ்க்கைத் துணையான பெண்ணோடு எழுபது ஆண்டுகள் வாழ்ந்தார். முதுமையில்தான் அதைக் குடும்பத்தாரிடமே சொன்னார்.

ஆட்டம் மெய்யான பேஸ்பால் ஆனது

தொடக்கத்தில் அவர்கள் ஆடியது சாஃப்ட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் இடைப்பட்ட ஒரு வகை. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எறியும் தூரம் 40 அடி, எறிவது கீழ்க்கை முறையில். ஆனால் சாஃப்ட்பாலில் இல்லாத ஒன்றை முதல் நாளிலிருந்தே அனுமதித்தார்கள். பந்து அடிக்கப்படுவதற்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்குப் பாய்ந்தோடிப் பிடிக்கலாம். பேஸ் திருடுவது என்று இதைச் சொல்வார்கள். ஆட்டத்தின் வேகம் அங்கிருந்து வந்தது.

ஆண்டுக்கு ஆண்டு பந்து சிறுத்தது, தூரம் நீண்டது. 1946-இல் பக்கவாட்டு வீச்சும் 1948-இல் ஆண்களைப்போல் தோளுக்கு மேல் கையைச் சுழற்றி எறியும் முறையும் வந்தன. 1954-இல் பந்து ஆண்கள் ஆடும் அளவுக்கே வந்துவிட்டது; எறியும் தூரம் 60 அடி, பேஸுக்குப் பேஸ் 85 அடி. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே தலைமுறை ஆட்டக்காரிகள் தங்கள் ஆட்டத்தைக் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள்.

திறமைக்குச் சான்று வேண்டுமானால் 1946 செப்டம்பரில் ஹார்லிக் ஃபீல்டில் நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டத்தைப் பார்க்கலாம். ரசீனும் ராக்ஃபோர்டும் மோதிய தொடரின் ஆறாவது ஆட்டம் அது. ராக்ஃபோர்டின் கேரலின் மாரிஸ் ஒன்பது இன்னிங்ஸ்வரை, அடித்து பேஸை எட்டும் ‘ஹிட்’ ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. ரசீனின் ஜோன் வின்டர் பல ஹிட் கொடுத்தும் ஒருவரையும் ரன் எடுக்க விடவில்லை. 13 இன்னிங்ஸ் முடிந்தும் இரு பக்கமும் பூஜ்யம். 14-ஆவது இன்னிங்ஸில் ரசீனின் சோஃபி கூரிஸ் முதல் பேஸை அடைந்தார். இரண்டாவது பேஸைத் திருடினார். மூன்றாவதையும் திருடப் பாய்ந்துகொண்டிருக்கும்போதே பெட்டி ட்ரெஸா பந்தை வலப்பக்கம் அடித்தார். கூரிஸ் நிற்கவில்லை. ஹோம் பேஸில் சறுக்கி விழுந்து ஆட்டத்தின் ஒரே ரன்னை எடுத்தார். லீக் தலைவராக இருந்த மேக்ஸ் கேரி பெரிய லீக்கில் இருபது பருவங்கள் ஆடியவர். தான் பார்த்த ஆட்டங்களிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று அவர் சொன்னார்.

அந்த ஆண்டு கூரிஸ் 203 முறை முயன்று 201 பேஸ் திருடினார். ஆண்கள் பெரிய லீக்கில் நவீன காலச் சாதனை 1982-இல் ரிக்கி ஹெண்டர்சன் எடுத்த 130. பெண்களின் பேஸ் தூரம் அன்று குறைவு, ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் 203-இல் இரண்டு முறை மட்டுமே பிடிபட்டார் என்பதற்கு எந்தச் சலுகையும் தேவையில்லை. சவுத் பெண்டின் ஜீன் ஃபவுட், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’ இரண்டை வீசினார், 1951-லும் 1953-லும். ராக்ஃபோர்டின் முதல் பேஸ் ஆட்டக்காரி டோரத்தி காமென்ஷெக்குக்கு ஃபோர்ட் லாடர்டேலின் ஆண்கள் மைனர் லீக் அணியே ஒப்பந்தம் நீட்டியது. விளம்பரத்துக்காக அழைக்கிறார்களோ என்று எண்ணி அவர் மறுத்துவிட்டார்.

இந்தத் தரம்தான் லீக்கைப் போருக்குப் பிறகும் தாங்கியது. 1948-இல் பத்து அணிகள். டிக்கெட் வாங்கியவர் எண்ணிக்கை 9 லட்சத்தைத் தாண்டியது. பன்னிரண்டு ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள்; அவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கனடியர்.

யாருக்குத் திறக்கவில்லை

1947-இல் லீக் தன் பயிற்சி முகாமைக் கியூபாவின் ஹவானாவில் நடத்தியது. அதே ஆண்டு வசந்தத்தில் அதே நகரில்தான் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பயிற்சி பெற்றார். சில வாரங்களில், ஏப்ரல் 15 அன்று, அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, கறுப்பினத்தவரைச் சேர்க்காத பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்தார். அவரைக் கொண்டுவந்த பிராஞ்ச் ரிக்கி, 1943-இல் பெண்கள் லீக்கின் தொடக்க அறங்காவலர்களில் ஒருவர். இத்தனை அருகில் இருந்தும் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு கறுப்பினப் பெண்ணைக்கூட இந்த லீக் களமிறக்கவில்லை. வெளிர்நிறக் கியூபப் பெண்கள் சிலருக்கு இடம் கிடைத்தது.

மேமி ஜான்சன் என்ற இளம் பிட்சர், வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் நடந்த தேர்வுக்குப் போனபோது அவரைச் சோதித்துப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார்கள். அவர் 1953-இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின ஆண்கள் அணியில் பந்து வீசினார். அதே அணியில் டோனி ஸ்டோன் இரண்டாவது பேஸில் நின்றார். மறு ஆண்டு கானி மார்கன் வந்தார். பெண்கள் லீக்கில் ஆட முடியாத மூன்று பெண்கள் ஆண்களோடு ஆடிக் காட்டினார்கள். 1954-இல் பெண்கள் லீக் ஆட்டக்காரிகள் போதாமல் தவித்தபோது, அது தானே திருப்பியனுப்பிய திறமை வேறிடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஏன் நின்றது?

முதலில் சொல்லப்படும் காரணம் ஆண்கள் திரும்பியது. 1946, 1947, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளின் கூட்டமே இதை மறுக்கிறது. பெண்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற போருக்குப் பிந்தைய மனநிலை அழுத்தம் தந்தது உண்மை. ஆனால் நேரடிக் காரணமாக அதை வைக்க முடியாது.

இரண்டாவது காரணம் தொலைக்காட்சி. இதில் உண்மை அதிகம். பெரிய லீக் ஆட்டங்கள் வீட்டுக்குள்ளேயே வந்ததும் சிறு நகர மைதானங்கள் காலியாயின. ஆண்கள் மைனர் லீக்கும் அடி வாங்கியது. 1949-இல் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த அதன் பார்வையாளர் கணக்கு, பத்தாண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே போனது. இருந்தும் மைனர் லீக் பிழைத்தது. காரணம், அதற்குத் தாய்வீடு இருந்தது: பெரிய லீக் அணிகள் தங்களுக்கு வேண்டிய வீரர்களைத் தயாரிக்க அதற்குப் பணம் போட்டன. பெண்கள் லீக்குக்கு மேலே எதுவும் இல்லை. நுழைவுச் சீட்டுக் காசு குறைந்த அன்றே அதன் மூச்சு திணறியது.

மூன்றாவது காரணம் நிர்வாகம். மேயர்ஹாஃப் காலத்தில் ஆள் தேடுவதும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து நடந்தன. அணிகள் சம பலத்தோடு இருக்க ஆட்டக்காரிகளைப் பகிர்ந்தளித்தார்கள். புது முகங்களைப் பழக்க சிகாகோ காலீன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு சாலீஸ் என்ற இரு அணிகள் 1949-லும் 1950-லும் ஊர் சுற்றின. 1951-இலிருந்து அணி உரிமையாளர்கள் தனித்தனியே நடத்தத் தொடங்கினார்கள். செலவைக் குறைக்க முதலில் கைவைத்தது இந்தப் பொதுப் பணிகளில்தான்.

நான்காவது காரணம் அதிகம் பேசப்படாதது. என் மதிப்பீட்டில் அதுவே ஆழமானது. தோளுக்கு மேல் எறியும் முறை வந்ததும் சாஃப்ட்பால் மைதானங்கள் லீக்குக்கு ஆள் தருவதை நிறுத்தின. கீழ்க்கை வீச்சில் 1945-இல் 32 ஆட்டங்களை வென்ற கானி விஸ்னியெவ்ஸ்கி, புது முறை வந்ததும் எறிவதை விட்டு வெளிக்களத்துக்குப் போனார். ஜீன் ஃபவுட் ஜொலித்ததற்குக் காரணம், பென்சில்வேனியாவில் தன் வீட்டருகே ஆண்கள் அணியோடு சிறு வயதிலேயே பயிற்சி செய்திருந்ததுதான். அப்படி வாய்ப்புப் பெற்ற சிறுமிகள் எத்தனை பேர்? 1950-இல் நியூயார்க் மாநிலம் கார்னிங்கில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி பையன்போல வந்து சிறுவர்களின் ‘லிட்டில் லீக்’கில் ஆடினார். மறு ஆண்டே சிறுமிகள் ஆடக் கூடாது என்று விதி எழுதினார்கள். அது 1974 வரை நீடித்தது. மேல் படியிலும் இதே கதை. 1952 ஜூனில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் ஆண்கள் அணி எலினார் எங்கிள் என்ற பெண்ணை ஒப்பந்தம் செய்தது. அவர் ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் மைனர் லீக் நிர்வாகம் பெண்களோடு ஒப்பந்தமே கூடாது என்று தடை போட்டது. கீழே கற்கும் வழி 1951-இல் அடைபட்டது. மேலே ஏறும் வழி 1952-இல் அடைபட்டது. நடுவில் நின்ற லீக் 1954-இல் ஐந்து அணிகளோடு முடிந்தது.

முந்தைய போரிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் பிரெஸ்டனில் வெடிமருந்து ஆலைப் பெண்கள் அமைத்த டிக் கெர் லேடீஸ் கால்பந்து அணி, போர் முடிந்து ஈராண்டு ஆன பிறகு, 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் ஆடியபோது 53,000 பேர் கூடினார்கள். 1921 டிசம்பரில் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை 1971 வரை இருந்தது. அங்கே கூட்டம் குறைந்து ஆட்டம் நிற்கவில்லை. விதி எழுதி முடக்கினார்கள்.

பிறகு

லீக் முடிந்ததும் அந்தப் பெண்கள் ஆசிரியைகளாக, செவிலியராக, ஆலைத் தொழிலாளிகளாகப் பிரிந்து போனார்கள். பலர் தங்கள் பிள்ளைகளிடம்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. 1980-களில் பழைய ஆட்டக்காரிகள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துச் சங்கம் அமைத்தார்கள். 1988 நவம்பரில் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகம் அவர்களுக்கெனக் காட்சிக்கூடம் திறந்தது. 1945-இல் லீக்கின் சிறந்த மட்டையாளரான ஹெலன் கலகனின் மகன் கெல்லி, தாயைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 1992 திரைப்படத்துக்கு வித்து அதுதான். ஹெலனின் இன்னொரு மகன் கேசி கான்டெல் பெரிய லீக்கில் ஆடினார். பேஸ்பாலைத் தாயிடம் கற்ற பெரிய லீக் வீரர்.

கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கப் பள்ளிகளில் பெண்கள் விளையாட்டு பெருகியது. ஆனால் பேஸ்பால் கேட்ட சிறுமிகளைச் சாஃப்ட்பாலுக்கே அனுப்பினார்கள். இடையில் கொலராடோ சில்வர் புல்லட்ஸ் என்ற ஒற்றை அணி 1994 முதல் 1997 வரை ஆடி மறைந்தது. நான்கு அணிகள் கொண்ட மகளிர் தொழில்முறை லீக் ஒன்று 2026-இல் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே தீர்ப்பு இதுதான். போர் கொடுத்தது வாய்ப்பு மட்டும். அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் காப்பாற்றியது அந்தப் பெண்களின் திறமை. முடித்துவைத்தது நிதியும் நிர்வாகமும் எழுதப்பட்ட தடைகளும். ஒரு விளையாட்டில் பெண்களுக்கு இடம் இருக்கிறதா என்று அறிய, உச்சியில் ஆடும் சிலரைக் காட்டினால் போதாது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அந்த ஆட்டத்தை எந்த மைதானத்தில், யாரிடம் கற்றுக்கொள்வாள் என்று கேட்க வேண்டும். 1954-இல் அமெரிக்காவிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. லீக் நின்றதற்கு ஆழமான காரணம் அதுதான்.